புனர்வாழ்வுக்கு ஆங்கிலம்

டாக்டர் கிளடிஸ், யோகமலரின் முதுகெலும்பை விரலால் அழுத்திப் பார்த்து, இந்த அடி எங்கே பட்டது என்று கேட்டார்.

அவர்கள் புலம்பெயர்ந்து வந்த வோபர்னில் இருக்கும் அந்தக் கிளினிக்கில் வழக்கமாக மொழிபெயர்க்கும் தமிழ் நேர்ஸ் அன்று லீவு. மகள் அட்சயா வந்திருந்தாள். இருபது வயது. கேள்வியைத் தமிழில் சொன்னாள்.

யோகமலர் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டாள்.

"புனர்வாழ்வில இருக்கேக்க."

ஊரில் அரசாங்கம் வைத்த பெயர் அது. யுத்தத்தின் கடைசி நாட்களில் கையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, முள்கம்பிக்குள் வைத்து, அந்த இடத்தைப் புனர்வாழ்வு நிலையம் என்றார்கள். உள்ளே இருந்தவர்களைக் கைதிகள் என்று யாரும் சொல்லவில்லை. பயனாளிகள் என்றார்கள். இரண்டு வருடம் கழித்து வெளியே விட்டபோது ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். விசாரணை அறையில் அடித்ததற்கு மட்டும் ஒரு பெயரும் வைக்கவில்லை.

அட்சயா அந்தச் சொல்லைப் போனில் தேடினாள்.

"ரீஹாப்" என்றாள் டாக்டரிடம்.

டாக்டர் கதிரையை அருகே இழுத்துக்கொண்டு, தணிந்த குரலில் இன்னொன்று கேட்டார்.

அட்சயா அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "குடியோ, ட்ரக்ஸோ எண்டு கேக்கிறா."

யோகமலர் சட்டைப் பட்டன்களைப் போடத் தொடங்கினாள்.

இரண்டும் இல்லை என்றால், பிறகு எது என்று கேட்பார்கள். இயக்கத்தில் இருந்தேன் என்று தமிழில் சொல்லலாம். போராளி என்றும் சொல்லலாம். அதற்கு அந்தப் போன் என்ன ஆங்கிலம் கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியும். செய்தியில் தினமும் கேட்கிற சொல்தான்.

"குடி எண்டு சொல்லு."

அதைச் சொல்லும்போது அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை.

டாக்டர் கணினியில் பதிந்தார். குடியை விட்டு எத்தனை வருடம் என்று கேட்டார். வெளியே வந்த வருடத்திலிருந்து எண்ணிப் பார்த்து, பதினாலு என்றாள் யோகமலர். டாக்டர் அவள் கையைப் பிடித்து வாழ்த்தினார். பலமான வலி மாத்திரை எழுதிக்கொடுக்கவில்லை. அவளைப் போன்றவர்கள் அதற்குப் பழகிவிடக்கூடுமாம்.

பஸ் தரிப்பிடத்தில் அட்சயா அம்மாவின் பக்கம் திரும்பினாள். சின்ன வயதில் அவளை வளர்த்த பெரியம்மா, அம்மா வேலைக்குப் போயிருக்கிறா என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்.

"நாலு வயசில என்னைப் பெரியம்மாவிட்ட விட்டிட்டுப் போனது உந்தக் குடியாலயோ, அம்மா?"

"ஓம்."

அட்சயா அழுதாள். கதவை அடித்துச் சாத்துகிற பிள்ளை, ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்லாத பிள்ளை, வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"ஐ ஃபொர்கிவ் யூ, அம்மா."

யோகமலர் அவளுடைய தலையைத் தடவினாள்.

"பஸ் வருது, பிள்ளை" என்றாள்.