வாசலில் நின்ற டிரம்கள்

“கிராயாவுக்கு எடுத்து, அத இன்னொருத்தனுக்குக் கிராயாவுக்கு விடுற நெனப்பு இருந்தா, இப்பவே கெளம்பிடு தங்கச்சி,” என்றார் நல்லதம்பி.

ஓர் அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று சந்திரமதி அப்போதுதான் கேட்டிருந்தாள். நடு அந்தமானின் ரங்கத் ஊரிலிருந்து பகலெல்லாம் பஸ்ஸில் வந்த களைப்பு. மகளுக்குப் போர்ட் பிளேர் காலேஜில் இடம் கிடைத்திருந்தது, ஹாஸ்டலில் இடமில்லை. திங்கட்கிழமைக்குள் தங்க இடம் அமையாவிட்டால் படிப்பே போய்விடும். சுனாமிக்குப் பிறகு, போர்ட் பிளேரை ஒட்டிய இந்தக் கராச்சர்மாவில் காலி அறை என்பதே அபூர்வம்.

“எத்தனை பேரு தங்குவீங்க? சொந்தக்காரன், ஊர்க்காரன்னு எவனாச்சும் பின்னாடி வருவானா?”

“மக மட்டுந்தாண்ணே. அப்படியே யாராச்சும் வந்தாலும் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நல்லதம்பி வாசலைக் காட்டினார். சுவரோரம் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. அங்கே குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அது நிற்பதற்குள் ரப்பர் டியூபை ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிப் பிடித்தாக வேண்டும். சண்டை வராமலிருக்க ஒவ்வொரு குடும்பமும் தன் டிரம்மில் பெயிண்டால் பெயர் எழுதியிருந்தது. மண்டல், அப்பாராவ், ஷீலா, ஒச்சம்மா. அடுத்த முறை தண்ணீர் வருவதற்குள் ஒருவரின் டிரம் காய்ந்துவிட்டால், உள்ளே கூடுதலாக ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஆளை ஒளித்து வைக்கலாம், தாகத்தை ஒளிக்க முடியாது.

பின்னறையில் குடியிருந்த வெள்ளைச்சாமியும் அப்படித்தான் அகப்பட்டானாம். துறைமுக வேலைக்கு வந்த இரண்டு பேரைக் காசுக்குச் சேர்த்திருந்தானாம். சாமான்களை மழையில் தூக்கி எறிந்ததைச் சொல்லும்போது நல்லதம்பியின் குரல் இன்னும் கொதித்தது. கைக்குழந்தையோடு அவன் மனைவி ரோட்டில் நின்றாளாம்.

சந்திரமதியின் முகம் சிவந்தது.

“அவ டைம் கேக்கலையா?”

“கேட்டா. ஒரு மணி நேரம் குடுத்தேன். நம்பி வீட்டக் குடுத்த வீட்டுக்கார மாலிக்குக்கு ரெண்டகம் பண்றவனுக்கு அதுக்கு மேல எதுக்கு?”

அவள் வாசல் மூலைக்கு நடந்தாள். அங்கே ஒரு பழைய இரும்பு டிரம் நின்றது. அதிலிருந்த எழுத்து மங்கிப் போயிருந்தது. முந்தானையால் தூசியைத் துடைத்தாள்.

“அதத் தொடாத. அது எங்களோடது,” என்று நல்லதம்பி அதட்டினார்.

“முத்துவீரன்னு எழுதியிருக்கே.”

அவர் ஓடிவந்து டிரம்மை மறைத்து நின்றார்.

“சுனாமியில வீடு போச்சு, புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருன்னு அழுதுதான் நீங்க இந்த வீட்டக் கிராயாவுக்கு வாங்கினீங்களாமே. அந்த எரக்கத்துலதான், பேத்திக்கு ஒரே ஒரு ரூம் விட்டுத் தருவீங்களான்னு பணிவா கேட்டுட்டு வான்னு இந்த வீட்டு மாலிக், எங்கப்பா முத்துவீரன் என்னை அனுப்பினாரு. இந்த டிரம்காரங்க எல்லாரும் இருக்கட்டும். உங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம்.”