காப்பாளர் சம்மதப் படிவம்

மேஜைக்குத் தெற்கே நான், எதிரே என் மனைவி செங்கமலம், ஜன்னலோரம் சாட்சிக் கையெழுத்துப் போட வந்த என் மைத்துனன் வக்கீல் பூலோகநாதன். மேஜை மேல் என் மகள் இளவேனில் அனுப்பிய படிவம்.

இளவேனிலுக்கு முப்பத்தாறு வயது. சரக்குக் கப்பல் கேப்டன். தன் கப்பல் எஞ்சினியரையே கட்டிக்கொள்வேன் என்கிறாள். மூன்று வருடமாக எதிர்க்கிறேன். நம் நாட்டில் என் எதிர்ப்பை யார் மதிக்கிறார்கள்? ஆனால் கப்பல் இப்போது நிற்கும் நாட்டில், கல்யாணத்துக்குத் தானே சம்மதம் சொல்ல நாற்பது வயது நிறைய வேண்டும். அதுவரை அவள் சிறுமி, நான் காப்பாளர். நான் மறுத்தால் கல்யாணம் இல்லை.

“அத்தான், இப்ப ஆட்டம் உங்க கையில. அடுத்த துறைமுகத்துல பதினெட்டே போதும்; அங்க உங்க பேச்சு எடுபடாது,” என்றான் மைத்துனன்.

முதல் கேள்வி: ‘உங்கள் பிள்ளைக்குச் சுயமாக முடிவெடுக்கத் தெரியுமா?’ ‘தெரியாது’ என்று எழுதினால்தான் படிவத்தை ஏற்பார்களாம்.

“எழுதுங்களேன்,” என்றாள் செங்கமலம். “அவளுக்குப் புத்தியில்லன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தினீங்களே!”

“கத்துறது வேற, எழுத்துல குடுக்கறது வேற.”

புயலில் இருபத்தைந்து பேரைக் கரைசேர்த்தவள் அவள். பேனா நகரவில்லை.

“அப்ப, மறுக்கிறீங்களா?” என்றான் மைத்துனன்.

படிவத்தைத் தள்ளிவிட்டு வெள்ளைத் தாள் எடுத்தேன்.

‘அன்பு இளவேனில், உன் அடுத்த துறைமுகத்தில் பதினெட்டே போதும் என்கிறான் மாமா. கல்யாணத்தை அங்கே வைத்துக்கொள். அம்மாவோடு நானும் வருகிறேன். மாப்பிள்ளையின் சட்டை அளவை உடனே தெரிவி.’

உறையை ஒட்டி, மைத்துனனிடமே தபாலில் சேர்க்கக் கொடுத்தனுப்பினேன்.