நாய்க்கு 'ஹூ'

கல்லிடைக்குறிச்சியில் வெயில் ஏறுகிறது. கலெக்டர் துரையின் நாய் செத்துப்போனதற்கு இங்கிலீஷில் அனுதாபம் வாசிக்கப் பழகுகிறார் மிராசுதார் பாபநாசம் பிள்ளை. இங்கிலீஷ் வாத்தியாரான நான் எழுதிக்கொடுத்த தாளில் அவர் கடைவாயிலிருந்து வெற்றிலைச் சாறு சொட்டுகிறது. "தி டாக் ஹூ டைடு" என்கிறார் உருக்கமாக. மனிதரைச் சொன்னால்தான் 'ஹூ' வரும், நாய்க்கு 'விச்' என்று மறுபடியும் திருத்துகிறேன். "துரை வளத்த நாய் வே! மரியாதையாச் சொல்லணும்லா. ஹூன்னே இருக்கட்டும்." அடுத்த வரியில் தன்னைக் குறிக்கிற 'ஹூ'வை நகத்தால் சுரண்டுகிறார். "துரைக்கு முன்னால நான் என்ன மனுசன்? அந்த விச்சை எனக்குப் போடும் வே." வாசலில் இருமல் கேட்கிறது. அவருடைய குத்தகைக்காரன் இசக்கி, வயலுக்கு மடை திறந்துவிடச் சொல்லிக் கேட்க, கருகிய நாற்று ஒன்றைக் கையில் பிடித்தபடி விடிந்ததிலிருந்து அங்கேதான் நிற்கிறான். பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கிறார். தமிழில் அவருக்கு இந்தத் தடுமாற்றமெல்லாம் கிடையாது. "அது இன்னும் போகலியா?" என்கிறார்.