முதுகுப் பஞ்சாயத்து

“நடுவர் பொறுமையா ரெண்டு பக்கமும் கேட்கணும். தன் கஷ்டத்தை மட்டும்…” சமரசப் பயிற்சியில் கிழட்டு ஆமை சொன்னதில் எருமைக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். மீதி, ‘சொல்லக் கூடாது’ என்றுதான் இருக்கும் என்று அது நினைத்துக்கொண்டது.

அதன் முதுகில் யார் எங்கே உண்ணி பொறுக்குவது என்று மைனாவுக்கும் உண்ணிக்கொக்குக்கும் காலையிலிருந்தே தகராறு.

“காதோரம் கொழுத்ததெல்லாம் இவருக்காம், வாலோரம் எனக்காம்” என்றது மைனா.

“என் பேரே உண்ணிக்கொக்கு, தம்பி. உன் பேர்ல என்ன இருக்கு?” என்றது கொக்கு.

எருமை இருவருக்கும் தலையாட்டியது. பேச்சு மும்முரத்தில் ஒரு உண்ணியைக்கூட யாரும் கொத்தவில்லை. முதுகெல்லாம் கடி பிடுங்கியது.

உச்சிவெயிலில் இரண்டும் களைத்துப்போய், “நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கண்ணே” என்றன.

எருமை குளத்தில் இறங்கி, முதுகு முழுக்க மூழ்கும்படி படுத்துக்கொண்டது.