பத்தாவது இடத்தில் ‘அது’

ஒன்பது பாட்டுகளை எழுதிவிட்டார். பத்து என்று போட்டுப் புள்ளியும் வைத்தாயிற்று. பென்சில் அங்கேயே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. போத்தனூர் வெயில் ஜன்னல் வழியாக மேசை வரைக்கும் வந்திருக்கிறது.

டிசம்பரின் கடைசி ஞாயிறு என்றால் பட்டியல் நாள். ‘பேப்பர் ஆன்வில்’ என்ற இங்கிலீஷ் ராக் குழுவின் மிகச் சிறந்த பத்துப் பாட்டுகள். ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் மூன்று பேராக இந்தப் பட்டியலை ஆரம்பித்தார்கள். அவர், டெரிக், சுந்தரவடிவேல். ஆளுக்கொரு தாளில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டி, அப்புறம் பொழுது சாயும்வரை சண்டை. ‘டின் ரூஃப்’ மூன்றாவதா நான்காவதா என்பதற்காக டெரிக் ஒருமுறை ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குழு கலைந்து முப்பது வருஷம் ஆகிறது. மொத்தம் பதினோரு இசைத்தட்டுகள். இனிமேல் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. ஆனாலும் வருஷா வருஷம் இடம் மாறும்.

ஒரே ஒரு சட்டம்தான். பட்டியலில் பொய் எழுதக் கூடாது.

டெரிக்தான் முதலில் அப்படி எழுதினான். பத்தாவது இடத்தில், பெயர் இல்லாமல், வெறுமனே ‘அது’ என்று.

“எதுடா?”

“அதான் மேன். ட்ரம்ஸ் இல்லாம ஆரம்பிக்குமே. ஆர்கன் மட்டும் வருமே.”

பதினோரு தட்டையும் போட்டுப் பார்த்தார்கள். அப்படி ஒரு பாட்டே கிடையாது. சுந்தரவடிவேல் விழுந்து விழுந்து சிரித்தார். டெரிக் சிரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ‘அது’ ஆறாவது இடத்துக்கு ஏறியது. அதற்கடுத்த வருஷம் மூன்று.

பிறகு ஒன்று.

பொங்கலுக்குள் டெரிக் போய்ச் சேர்ந்துவிட்டான். நெஞ்சுவலி என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, சுந்தரவடிவேலின் தாளில் எட்டாவது இடத்தில் ‘அது’. மறு வருஷம் நான்கு. போன டிசம்பரில் சுந்தரவடிவேல் தாளைத் திருப்பியபோது நிமிர்ந்தே பார்க்கவில்லை. முதல் இடம்.

அதற்கப்புறம் பதிமூன்று நாள்தான் இருந்தார்.

இப்போது மேசையில் ஒரு தாள்தான்.

வியாழக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவருக்குக் கேட்டது. ட்ரம்ஸ் இல்லை. ஆர்கன் மட்டும். எங்கிருந்து என்று சொல்ல முடியாது. பாதிவரைக்கும் வந்து நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து.

பயந்திருக்க வேண்டும். பயமும்தான். ஆனால் முதலில் வந்தது பயம் இல்லை. இப்படி ஒரு பாட்டைக் கேட்காமலே நாற்பத்தொரு வருஷத்தை ஓட்டிவிட்டோமே என்று, கன்னத்தில் சோப்பு நுரையோடு நின்று அழுதார்.

நியாயமாகப் பார்த்தால் அதற்குப் பத்தாவது இடம் இல்லை. எட்டாவதும் இல்லை. முதல் இடம்தான், சந்தேகமே கிடையாது.

எழுதாமலே விட்டுவிடலாமே என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் தலைக்குள் சத்தம் கூடியது.

பத்தாவதில் எழுதினால்?

பத்திலிருந்து ஒன்றுக்கு வர டெரிக்குக்கு மூன்று வருஷம் பிடித்தது. மூன்று வருஷம் என்பது சின்ன விஷயமா? அவருக்கு உயிர்மேல் ஆசை இருந்தது. இல்லை என்று யாரிடம் சொல்ல?

எழுதினார். 10. அது.

வாழ்க்கையில் முதல்முறையாகப் பட்டியலில் பொய்.

பாட்டு நின்றது. நாலு நாளுக்குப் பிறகு மின்விசிறியின் சத்தம் காதில் விழுந்தது. பசிகூட எடுத்தது.

அப்போது சமையலறையிலிருந்து யாரோ முனகுவது கேட்டது.

யாரோ என்ன யாரோ. வீட்டில் இருப்பது அவரும் சுலோச்சனாவும்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பாட்டுகளை ஓட்டை லாரி என்றே சொல்லிவரும் மனைவி. பாதிப் பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொள்பவள்.

அவள் ஆர்கன் பகுதியை முனகினாள். ஒரு சுரம் பிசகவில்லை.

இந்த நாலு நாளில் அவர் அதை முணுமுணுத்ததுகூடக் கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

அவருக்கு எப்போதும் நின்றுபோகும் அந்த இடம் வந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

“சுலோச்சனா!”

கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். கழுத்தெல்லாம் வேர்வை.

“காத்தால இருந்து இதேதானுங்க வாயில வருது. உங்க பாட்டுத்தானுங்களே? இத்தன வருசத்துல இதொண்ணுதானுங்க பாட்டு. இதுக்குத்தான் மொத எடம் குடுக்கோணும்.”

பொய்யை எழுதியது அவர். இவளா? இவளுக்கு இதில் என்ன சம்பந்தம்? இவள் இல்லாத வீட்டில் மூன்று வருஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வாயால்தானே சொன்னாள். எழுதவில்லையே. எழுதினால்தான் பட்டியல்.

ரப்பரை எடுத்துப் பத்தாவது இடத்தைத் தாள் கிழியும்படி தேய்த்தார். மேலே, முதல் இடத்தில் இருந்த பாட்டைக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் பெரிதாக எழுதினார். ‘அது.’ கீழே கையெழுத்தும் போட்டார்.

“என்னங்க பண்றீங்க?”

“அதை இப்ப கொஞ்சம் பாடு, புள்ள.”

அவள் வாயைத் திறந்தாள். யோசித்தாள். கரண்டியைப் பார்த்தாள்.

“எதைங்க?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை நிம்மதி.

“ஒண்ணுமில்ல. அடுப்ப அணைச்சுட்டு வந்து, இப்படிக் கொஞ்ச நேரம் உக்காரு.”