கசப்பு பழகியது

கொட்டியது ஆறு தட்டா ஏழா என்று பியூலாவுக்கு இப்போது சரியாக நினைவில்லை. வேப்ப மரத்தைக் கருக்கும் பூஞ்சையைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்ப்பதுதான் ஆய்வகத்தில் அவள் வேலை. மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கசப்பை வாரத்துக்கு ஒரு சொட்டு கூட்டுவாள். பெரும்பாலானவை சாகும். பிழைத்ததை எடுத்து அடுத்த தட்டில் வைப்பாள். நாற்பதாவது வாரம் அது கசப்பையே தின்று செழித்தது. பழைய தட்டுகளை அவித்துப் பூஞ்சையைக் கொல்லும் கொதிகலன் அன்று பழுது. வாசல் வேம்பின் அடியில் கொட்டி, காலால் மண்ணைத் தள்ளிவிட்டாள்.

மழைக்குப் பிறகு கொழுந்துகள் கருகின. மரத்தடியில் தையல் மெஷின் போட்டிருந்த ஹனீபா அவளை நிறுத்தினார்.

“படிச்ச புள்ள, ஒரு மருந்து சொல்லும்மா. எனக்குக் கூரையே இதுதான்.”

“வேப்பெண்ணெய் ஊத்திப் பாருங்கண்ணே.” வாயில் வந்தது அதுதான்.

“வேம்புக்கே வேப்பெண்ணெயா? கோழிக்கு முட்டை ஊட்டுற மாதிரில்ல இருக்கு,” என்று சிரித்தார். ஆனாலும் ஊற்றினார். தினமும் காலையில், அவள் உள்ளே நுழையும் நேரத்தில், புட்டியை உயர்த்திக் காட்டுவார்.

“உன் மருந்துதாம்மா. ஒரு நாள் விடல.”

நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார். அவள் தலையை அசைத்துவிட்டுப் படியேறுவாள்.

சித்திரையில் மரத்தை வெட்டினார்கள். ஹனீபா சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைக்குப் போனார். பியூலாவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. பூஞ்சை குளிர்பெட்டியில், அவள் கையெழுத்திட்ட தட்டில், நலமாக இருக்கிறது.