கை ஊன்றாமல்

"வலி போகணும்னு நான் வரல டாக்டரம்மா. தரையில உக்காந்தா கையை ஊண்டாம சட்டுன்னு எந்திரிக்கணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

பிசியோதெரபிஸ்ட் ஜாஸ்பின் நிமிர்ந்து பார்த்தாள். சிவகாசியில் அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு முட்டி வலியோடு வருகிற பெண்கள், படியேற முடியலை, குத்தவைக்க முடியலை என்றுதான் ஆரம்பிப்பார்கள். இப்படி நிபந்தனை போட்டுக்கொண்டு யாரும் வந்ததில்லை.

வந்தவள் பெயர் வள்ளித்தாய். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி செருகுகிற வேலை. காலையில் சம்மணம் போட்டால் சாயங்காலம் வரை தரைதான்.

ஜாஸ்பின் அவளுடைய முட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காலை மடக்கி நீட்டச் சொன்னாள். உள்ளே முட்டிச் சில்லு நறநறவென்று உரசியது.

"எலும்பு தேஞ்சு போச்சா?"

"அதெல்லாம் இல்லக்கா. தொடைச் சதைக்குத் தெம்பு பத்தல. முட்டிச் சில்லு தடம் மாறி உரசுது."

சில்லை உள்பக்கமாக இழுத்துப் பிடித்து, அகலமான டேப்பை ஒட்டினாள். வள்ளித்தாய் உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். சுருங்கியிருந்த முகம் மலர்ந்தது.

"பாதி வலியைக் காணோமே. இதையே தெனமும் ஒட்டிக்கிட்டாப் போதாதா?"

"டேப்பு சும்மா தாங்கிப் பிடிக்கத்தான். அது பிடிச்சிருக்கிற நேரத்துல பயிற்சி செஞ்சு நீங்க சதையை வலுவாக்கணும். அதுவரைக்கும் கையை ஊண்டியே எந்திரிங்க. இல்லன்னா கதவு நிலையைப் பிடிச்சுக்கிடுங்க."

"அது ஆகாது டாக்டரம்மா. கை சும்மா இருக்கணும்."

"ஏன்க்கா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று வள்ளித்தாய் எழுந்துகொண்டாள்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வேலை விட்டதும் நேராக வந்துவிடுவாள். முதலில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்தாள். பிறகு குட்டை ஸ்டூல். அதன் பிறகு மணைப்பலகை. வேர்வையில் டேப் பிய்ந்துபோனால் தானே ஒட்டிக்கொள்ளவும் கற்றுக்கொண்டாள்.

"கவர்மெண்டு குடுத்த டிவியில சீரியல் ஓடுறப்ப சுவத்துல சாஞ்சு உக்காந்து எந்திரிக்கேன். விளம்பரம் போட்டாத்தான் காலுக்கு ஓய்வு," என்று சிரித்தாள்.

தீபாவளி சீசன் நெருங்கியது. ஆர்டர் குவிய, வேலை மும்முரமானது. ஒரு சனிக்கிழமை முட்டி வீங்கி வந்து நின்றாள். ஜாஸ்பினுக்குப் பொறுக்கவில்லை.

"பெஞ்சில உக்காந்து டப்பா ஒட்டுற ரூம்புக்கு மாறிக்கிடுங்க. போர்மேன்கிட்ட நான் பேசுறேன்."

"வேண்டாம் டாக்டரம்மா. திரி செருகுற ரூம்புலதான் நான் இருக்கணும்."

"தீன்னு வந்தா எந்திரிச்சு ஓடணும். அந்தப் பயத்துலதான இம்புட்டுப் பாடு படுறீக? பயமிருந்தா அந்த ரூம்பே வேண்டாமே."

"பயம் யாருக்குத்தான் இல்ல," என்றாள் வள்ளித்தாய்.

பிடிவாதக்காரி என்று ஜாஸ்பின் மனதுக்குள் அலுத்துக்கொண்டாள். ஆனாலும் வீக்கம் வடிந்ததும் அடுத்த பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் வள்ளித்தாய் வெறும் தரையில் சம்மணமிட்டாள். முட்டியில் டேப் இல்லை. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் எழுந்து நின்றாள்.

ஜாஸ்பினுக்குப் பெருமை தாங்கவில்லை. "நெனச்சதைச் சாதிச்சிட்டீக."

"இன்னும் இல்ல டாக்டரம்மா. வெளிய ஒருத்தி உக்காந்திருக்கா. கூட்டியாரட்டுமா?"

இவள் சொல்லிக் கேள்விப்பட்டு வந்த இன்னொரு முட்டி வலிக்காரி என்று ஜாஸ்பின் நினைத்துக்கொண்டாள். வந்தவள் சின்னப் பெண். "வாம்மா, பேரென்ன?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுவரில் இருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வள்ளித்தாய் அவளைத் தரையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அடுத்த நொடி விருட்டென்று எழுந்து, இரண்டு கைகளையும் அவள் அக்குளில் கொடுத்துத் தூக்கி, வாசல் வரை இழுத்துக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் முதலில் மிரண்டாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூச்சு வாங்க வள்ளித்தாய் திரும்பினாள்.

"என் நாத்தனா வேல்விழி, டாக்டரம்மா. போன வருசம் பக்கத்து ரூம்பு வெடிச்சதுல காது ரெண்டும் போச்சு. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடுறேன்னு சொன்னதாலதான் எங்க திரி ரூம்புல வேலைக்கு வச்சிருக்காக. ஓடுங்கன்னு யாரு கத்துனாலும் இவளுக்குக் கேக்காது... என் ரெண்டு கையும் இவளுக்கு வேணும்ல?"